உடம்புக்குள் ஒரு பள்ளிக்கூடம்

பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார் ஒருவர். தருமபுரிப் பக்கத்துக்காரர். சாரத்தில் இருந்து இறங்கும்போது காலில் ஆணி குத்திவிட்டது. காயத்தைக் கழுவினார். ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழிந்தது. தொடை இடுக்கில் வலி எடுத்தது. தொட்டுப் பார்த்தால் நெல்லிக்காய் போல் ஒரு கட்டி உருளுகிறது.

"நெறி கட்டியிருக்குப்பா. புண்ணு ஆறினா அதுவும் போயிடும்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரி சொன்னது சரி. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். பல் கெட்டால், தொண்டை புண்ணானால், கழுத்தில் கட்டும். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் காயம் ஓர் இடத்தில். கட்டி இன்னோர் இடத்தில். இது ஏன்?

நெறி புதிதாக முளைத்த கட்டி அல்ல. அவரை விதை அளவில் அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதற்கு நிணநீர்க் கணு என்று பெயர். நம் உடம்பில் இப்படி 500, 600 கணுக்கள் உள்ளன. ரத்தக் குழாய்களைப் போலவே உடம்பெங்கும் வேறு மெல்லிய குழாய்களும் ஓடுகின்றன. அவற்றில் ரத்தம் இருக்காது. தெளிந்த நீர் இருக்கும். அதுதான் நிணநீர். காலில் புகுந்த கிருமி இந்த நீரோடு மேலே வரும். வழியில் கணு இருக்கிறது. அது ஒரு சோதனைச் சாவடி. அங்கே ஒரு வகை வெள்ளை அணுக்கள் காத்திருக்கும். கிருமியைக் கண்டுகொண்டால் அவை மளமளவென்று பெருகும். கணு வீங்கும். வலிக்கும்.

அந்த வெள்ளை அணுவுக்கு நிணநீர் அணு என்று பெயர். டாக்டர்கள் லிம்போசைட் என்பார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். நூறு வெள்ளை அணுக்களில் 20 முதல் 40 வரை இந்த வகைதான்.

சில சமயம் சாவடியைக் கிருமியே பிடித்துக்கொள்ளும். 1898இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி கடித்தால் அந்தக் கிருமி உடம்பில் ஏறும். நெறி முட்டை அளவுக்கு வீங்கும். மருந்து இல்லாத காலம் அது. ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் கட்டினார்கள். அந்தக் கோவில்கள் சில இன்றும் பெங்களூரில் இருக்கின்றன. பசவனகுடியும் மல்லேஸ்வரமும் நெரிசல் இல்லாத புதிய குடியிருப்புகளாக உருவானதும் அந்தக் காலத்தில்தான்.

சரி, கணுவில் காத்திருக்கும் அந்த அணுக்கள் எங்கே பிறந்தன?

நல்லி எலும்புக்குள்ளே

கறிக்கடையில் நல்லி எலும்பு கேட்டு வாங்குவோம். தட்டி உறிஞ்சினால் மெத்தென்று ஒன்று வரும். அதுதான் மஜ்ஜை. நமக்கும் எலும்புக்குள் மஜ்ஜை உண்டு. குழந்தைகளுக்கு ஏறக்குறைய எல்லா எலும்பிலும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு, விலா எலும்பு போன்ற இடங்களில் மட்டும் இருக்கும்.

இந்தச் சிவப்பு மஜ்ஜைதான் ரத்தம் உண்டாகும் இடம். அங்கே குருத்தணுக்கள் உள்ளன. வாழைக்குக் குருத்து எப்படியோ, ரத்தத்துக்கு இவை அப்படி. ஒரு குருத்தணு பிரிந்து பிரிந்து பலவாகும். சில சிவப்பு அணுவாகும். சில ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவாகும். சில வெள்ளை அணுவாகும். அந்த வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவுதான் நிணநீர் அணு.

ஆனால் பிறந்த உடனே அது வேலைக்கு ஆகாது. பச்சைப் பிள்ளை அது. கிருமி எது, நம் உடம்பு எது என்று அதற்குத் தெரியாது. அது வளர வேண்டும். தேற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு கூட்டம் மஜ்ஜையிலேயே தங்கி வளர்கிறது. இவை பி அணுக்கள். இன்னொரு கூட்டம் ரத்தத்தில் ஏறி வேறு இடத்துக்குப் பயணம் போகிறது. இவை டி அணுக்கள்.

பி என்ற எழுத்து எப்படி வந்தது என்பது ஒரு கோழிக் கதை. கோழிக் குஞ்சின் வால் பக்கம், எச்சம் போகும் வாய்க்கு மேலே, ஒரு சிறு பை இருக்கும். அதற்கு பர்சா என்று பெயர். அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் சில குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவருடைய நண்பர் திமோதி சாங் பாடம் நடத்தக் கோழி கேட்டார். இந்தக் கோழிகளைக் கொடுத்தார் கிளிக். கிருமியை ஊசியில் ஏற்றினால் கோழியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும் என்று மாணவருக்குக் காட்டுவதுதான் அன்றைய பாடம். ஊசி போட்டார்கள். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை! பை இல்லாத கோழிக்கு எதிர்ப்பொருள் செய்யத் தெரியவில்லை. இந்தச் செய்தியைப் பெரிய அறிவியல் இதழ் ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது. 1956இல் ஒரு கோழி வளர்ப்பு இதழில் அது வெளிவந்தது. அந்த பர்சாவின் முதல் எழுத்துதான் பி. நமக்கு அந்தப் பை கிடையாது. அதன் வேலையை நம் மஜ்ஜை செய்கிறது.

கோழிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு கம்போரோ நோய் தெரியும். அந்த நோயின் கிருமி இந்தப் பையைத்தான் தாக்குகிறது. அங்கே வளரும் அணுக்களை அழிக்கிறது. பிழைத்த குஞ்சுக்கு மற்றத் தடுப்பூசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

முப்பது எழுத்தில் எத்தனை சொல்?

ஒவ்வொரு நிணநீர் அணுவின் மேலும் ஒரு சாவி இருக்கிறது. ஓர் அணுவுக்கு ஒரே மாதிரிச் சாவி. அந்தச் சாவி எந்தக் கிருமியின் பூட்டுக்குப் பொருந்துமோ அந்தக் கிருமியைத்தான் அந்த அணு கண்டுகொள்ளும். மற்றக் கிருமி பக்கத்தில் வந்தாலும் அதற்குத் தெரியாது.

உலகத்தில் கிருமிகளுக்கு எண்ணிக்கை இல்லை. இனிமேல் வரப்போகும் கிருமிகளும் உண்டு. 2019 வரை கொரோனாக் காய்ச்சலின் கிருமியை மனித உடம்பு பார்த்ததே இல்லை. ஆனாலும் அதற்குப் பொருந்தும் சாவி நம்மில் பலரிடம் முன்பே இருந்தது. எப்படி?

தமிழில் உயிர் எழுத்து 12. மெய் எழுத்து 18. இந்த முப்பதும் கூடி 216 உயிர்மெய் ஆகின்றன. அவற்றைக் கோத்து எத்தனை சொல் எழுதலாம்? கணக்கே இல்லை. அணுவும் இதைத்தான் செய்கிறது. சாவி செய்யும் குறிப்பு அதனிடம் முழுதாக இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வோர் அணுவும் வளரும்போது அந்தத் துண்டுகளில் சிலவற்றை எடுத்து வெட்டி ஒட்டுகிறது. ஒட்டும் இடத்தில் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். அதனால் கோடிக்கணக்கான வகைச் சாவிகள் உண்டாகின்றன. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான சுசுமு டொனேகாவா. 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைக் கோத்தால் என்ன ஆகும்? பல பொருளற்ற சொற்கள் வரும். சில வசைச் சொற்களும் வரும். அப்படித்தான் இங்கேயும். பல சாவிகள் எந்தப் பூட்டுக்கும் பொருந்தாது. சில சாவிகள் நம் உடம்பின் பூட்டுக்கே பொருந்திவிடும். அந்த அணுவை வெளியே விட்டால் நம் கண்ணை, நம் மூட்டை, நம் கணையத்தையே தாக்கும். ஆகவே பரீட்சை வேண்டும். பி அணுக்களுக்குப் பரீட்சை மஜ்ஜையில் நடக்கிறது. டி அணுக்களுக்கோ தனிப் பள்ளிக்கூடமே இருக்கிறது.

நெஞ்செலும்புக்குப் பின்னால்

இரண்டு கழுத்தெலும்பும் சேரும் குழியில் விரலை வையுங்கள். அதற்குக் கீழே நெஞ்செலும்பு. அதற்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைமஸ். டி அணு என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான்.

இது உதவாத சதை என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற மருத்துவர் பிறந்த எலிக்குட்டிகளில் இதை எடுத்துவிட்டுப் பார்த்தார். குட்டிகள் வளரவில்லை. தொற்று வந்து செத்தன. அடுத்த எலியின் தோலை ஒட்டினால்கூட உடம்பு அதை அன்னியம் என்று தள்ளவில்லை. அப்போதுதான் தைமஸின் மதிப்பு தெரிந்தது.

மஜ்ஜையில் இருந்து வரும் இளம் அணு இங்கே ஏறக்குறைய மூன்று வாரம் தங்குகிறது. இங்கேதான் தன் சாவியைச் செய்துகொள்கிறது. அதன் பிறகு இரண்டு பரீட்சை.

நம் உடம்பின் அணுக்கள் தம் மேல் ஓர் அடையாள அட்டையை மாட்டியிருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு துணுக்கை அந்த அட்டையில் வைத்துக் காட்டும். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் கிருமியின் துணுக்கும் அட்டையில் தெரியும். டி அணு அட்டையைப் பார்த்துத்தான் எதையும் அறியும். ஆகவே முதல் பரீட்சை இது: உன் சாவியால் அட்டையைத் தொட்டுப் பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்த அணு செத்துப்போகும்.

இரண்டாம் பரீட்சை இன்னும் கடினம். தைமஸில் ஆசிரியர் போன்ற சில அணுக்கள் இருக்கின்றன. அவை உடம்பின் பல பாகங்களின் மாதிரிகளையும் தாமே செய்து காட்டும். கணையத்தில் மட்டும் சுரக்கும் இன்சுலினுக்கு இங்கே மாதிரி உண்டு. கண்ணில் மட்டும் உள்ள பொருளுக்கும் மாதிரி உண்டு. ஓர் அணு இவற்றைக் கண்டதும் பாய்ந்து பிடித்தால், அது வீட்டாரையே கடிக்கும் நாய். அதுவும் சாக வேண்டியதுதான்.

நூறு அணு உள்ளே போனால் தேறி வெளியே வருவது ஐந்துக்கும் குறைவு. மற்றவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. துப்புரவு அணுக்கள் அவற்றைத் தின்றுவிடும். சத்தமில்லாமல், காய்ச்சல் இல்லாமல், நாள்தோறும் இது நடக்கிறது. பள்ளிக்கூடம் என்று சொன்னோம். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் இப்படி இருந்தால் ஒருவரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்!

இவ்வளவு கண்டிப்பிலும் சில முரட்டு அணுக்கள் தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை அடக்க ஒரு தனி வகை டி அணுக்கள் உண்டு. காவலருக்குக் காவலர் இவை. இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 2025இல் ஷிமோன் சாகாகுச்சி, மேரி புருங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காவலும் தவறினால் நம் அணுவே நம்மைத் தாக்கும். மூட்டுகளை முடக்கும் ருமடாய்டு வாதம் அப்படிப்பட்ட நோய். சிறுவயதிலேயே வரும் முதல் வகைச் சர்க்கரை நோயும் அப்படித்தான்.

பசித்தால் சுருங்கும் பள்ளி

தைமஸ் குழந்தைப் பருவத்தில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். வாலிபம் வந்ததும் மெல்லச் சுருங்கும். அதன் இடத்தில் கொழுப்பு சேரும். முதுமையில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். சிறுவயதில் தேறி வந்த அணுக்களும் அவற்றின் வழிவந்தவையும்தான் பிற்காலத்தில் பெரும்பாலும் நம்மைக் காக்கின்றன. பள்ளி நடக்கும் காலத்தில் பள்ளி ஒழுங்காக நடந்தாக வேண்டும்.

அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று பசி. சத்தான சாப்பாடு கிடைக்காமல் மெலிந்த குழந்தைக்குத் தைமஸ் வெகுவாகச் சுருங்கிவிடும். அந்தக் குழந்தைக்குச் சளியும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று கடுமையான தொற்றுநோய்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. டாடா இன்ஸ்டிடியூட் என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். அங்கே உயிர்வேதியியல் துறையில் தீபங்கர் நந்தி என்ற பேராசிரியரின் குழு இதை ஆராய்ந்தது. சால்மோனெல்லா என்ற கிருமியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். மனிதருக்கு டைபாய்டு மாதிரி எலிக்கு வரும் நோய் அது. நோய் முற்ற முற்ற எலியின் தைமஸ் சுருங்கியது. பரீட்சைக்குக் காத்திருந்த இளம் அணுக்கள்தான் அதிகம் செத்தன. ஏன் செத்தன? உடம்பு தவிக்கும்போது சுரக்கும் ஒரு ஹார்மோன் ஒரு காரணம். கிருமியை எதிர்க்க உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள் இன்னொரு காரணம். இரண்டும் கூடினால் சாவு மேலும் அதிகம். 2013இல் இந்த முடிவுகள் வெளியாயின. அதாவது, வெளியே சண்டை நடக்கும்போது உள்ளே பள்ளிக்கூடம் காலியாகிறது.

நல்ல செய்தியும் உண்டு. குழந்தைக்கு மறுபடியும் சாப்பாடு சரியாகக் கிடைத்தால் தைமஸ் மறுபடியும் வளரும். பருப்பு, முட்டை, கீரை, பால், கடலை என்று வீட்டுச் சாப்பாடே போதும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று கடையில் விற்கும் டானிக்குகளுக்குச் செலவழிக்கும் காசில் இவற்றை வாங்கலாம்.

வேலைக்குப் போன பிறகு

தேறிய அணுக்கள் ரத்தத்தில் சுற்றும். கணுக்களில் தங்கும். மண்ணீரலிலும் தங்கும். நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி நிணநீர் அணுக்கள் உள்ளன. ஆனால் குறிப்பிட்ட ஒரு கிருமிக்குப் பொருந்தும் சாவி லட்சத்தில் ஒன்றிடம் இருந்தால் அதிகம். அந்த ஒன்று கிருமியைச் சந்திக்க வேண்டும். பிறகு பெருக வேண்டும். அதற்கு நாலைந்து நாள் ஆகும். புதிய காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் படுக்கையில் போடுவது இதனால்தான்.

பெருகிய பி அணுக்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கும். ஓர் அணு ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கில் சுரக்கும். டி அணுக்களில் சில, கிருமி புகுந்த அணுவை நேரே கொல்லும். வேறு சில மற்ற அணுக்களுக்கு உத்தரவு கொடுக்கும். எச்.ஐ.வி. கிருமி இந்த உத்தரவு கொடுக்கும் அணுக்களைத்தான் அழிக்கிறது. அதனால்தான் அந்த நோயாளிக்குச் சாதாரணக் கிருமியும் எமனாகிறது. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் இலவசமாகத் தரப்படும் கூட்டு மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் அந்த அணுக்கள் மீண்டும் பெருகும்.

சண்டை முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் அழிந்துவிடும். சில மட்டும் ஞாபகத்தோடு தங்கும். அதே கிருமி திரும்பி வந்தால் அவை உடனே பாயும். தடுப்பூசி செய்யும் வேலை இதுதான். கிருமியின் சாயலைக் காட்டி, நோய் வராமலே ஞாபகத்தை உண்டாக்குகிறது.

தட்டம்மையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அம்மை போட்டால் போடட்டும், தானே இறங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தட்டம்மைக் கிருமி இந்த ஞாபக அணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. 2019இல் வெளியான ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. குழந்தை அதுவரை கற்ற பாடங்களில் பலவற்றை மறந்துவிடுகிறது. அம்மை இறங்கிப் பல மாதம் ஆன பிறகும் சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான். தடுப்பூசி இந்த மறதி வராமல் காக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் ஊசி. அரசு மருத்துவமனையிலும் அங்கன்வாடி முகாமிலும் காசில்லாமல் போடுகிறார்கள்.

வளராமல் பெருகினால்

மஜ்ஜையில் இளம் அணு வளரும் விதத்தைப் பார்த்தோம். வளரும் வழியில் ஓர் அணு பாதியிலேயே நின்றுவிட்டால்? நின்றதோடு நில்லாமல் பெருகிக்கொண்டே போனால்? அதுதான் ஒரு வகை ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். இரண்டு முதல் ஐந்து வயதில் கூடுதலாக வருகிறது.

இந்த அணுக்கள் முதிராதவை. கிருமியோடு சண்டை போடத் தெரியாது. ஆனால் மஜ்ஜை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். வயலில் களை மண்டினால் பயிர் என்ன ஆகும்? சிவப்பு அணு குறையும். குழந்தை வெளுக்கும். தட்டணு குறையும். ஈறில் ரத்தம் கசியும். அடிபடாமலே தோலில் நீலத் தழும்பு வரும். நல்ல வெள்ளை அணு குறையும். காய்ச்சல் விடாது. எலும்பு வலிக்கும். அதனால் சின்னப் பிள்ளை நடக்க மறுக்கும். கழுத்திலும் அக்குளிலும் புண் இல்லாமலே நெறி கட்டும். டி அணு வகையாக இருந்தால் நெஞ்சுக்குள் தைமஸ் வீங்கி மூச்சு முட்டும். இவற்றில் ஒன்று இருந்தால் அது புற்றுநோய்தான் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, இரண்டு வாரமாகியும் விடவில்லை என்றால், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பெங்களூரில் ஓசூர் சாலையில் கிட்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973இல் தொடங்கியது. கர்நாடக அரசின் மருத்துவமனை. கர்நாடகத்தின் எல்லா மாவட்டங்களில் இருந்தும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் இருந்தும் இங்கே குழந்தைகளைக் கொண்டுவருகிறார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். அணு எந்த வகை, எந்தப் படியில் நின்றது என்று அதில் தெரியும். அதைப் பொறுத்துத்தான் மருந்து.

இந்த நோய்க்கு முதன்முதலில் பலன் தந்த மருந்தில் நம் நாட்டுக்காரர் ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அவர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். கீரையில் ஃபோலிக் அமிலம் என்ற சத்து இருக்கிறது. அணு பெருக அது வேண்டும். அதைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் சத்து இல்லாத பொருளை அவருடைய குழு செய்தது. வேகமாகப் பெருகும் அணு அதை நம்பி ஏமாந்து சாகும். சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் பாஸ்டன் நகரில் அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்த சில குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. 1948இல் இச்செய்தி வெளியானது. அந்தப் பலன் சில மாதங்களே நின்றது. அதே ஆண்டில் சுப்பாராவும் இறந்துபோனார். அந்த வகை மருந்தான மெதோட்ரெக்சேட்டை இன்றும் இந்த நோய்க்குத் தருகிறார்கள்.

இப்போது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வளர்ந்த நாடுகளில் இந்த நோய் வந்த நூறு குழந்தைகளில் 90 பேர் அளவில் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் அந்த எண்ணிக்கை குறைவு. ஒரு காரணம் தாமதமாக வருவது. இன்னொரு காரணம் பாதியில் நிறுத்துவது. முதல் மாத மருந்திலேயே பெரும்பாலும் குழந்தை தேறிவிடும். காய்ச்சல் போய்விடும். முகம் தெளியும். 'இனி எதற்குச் செலவு, வேலையும் கெடுகிறது' என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத களை மஜ்ஜையில் மிச்சம் இருக்கும். அதனால்தான் இரண்டு, மூன்று வருஷம் மருந்து தருகிறார்கள். பின்பகுதியில் பெரும்பாலும் வீட்டிலேயே சாப்பிடும் மாத்திரைகள்தான். பணம் இல்லை என்றால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் இதற்கு வழி உண்டு.

அபூர்வமாகச் சில குழந்தைகள் நிணநீர் அணு வளராமலே பிறக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் தொற்று மேல் தொற்று வரும். வாயில் வெள்ளை படரும். எடை ஏறாது. மற்றப் பிள்ளைகளுக்கு நன்மை செய்யும் பி.சி.ஜி. ஊசியே இவர்களுக்கு ஆபத்து. அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. அதனால் வீட்டில் முன்பு ஒரு கைக்குழந்தை தொற்றுநோயால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு ஊசி போடும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட குழந்தைக்கு மாற்றாள் ஒருவரின் குருத்தணு வேண்டும். புற்றுநோய்க் குழந்தைகள் சிலருக்கும் வேண்டும். யாருடையது பொருந்தும்? தைமஸில் பார்த்த அடையாள அட்டை இங்கே மறுபடியும் வருகிறது. இருவர் அட்டையும் ஒத்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவருக்கு ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். வீட்டில் கிடைக்காவிட்டால் வெளியே தேட வேண்டும். பெங்களூரில் டி.கே.எம்.எஸ். என்ற அமைப்பும், சென்னையில் தாத்ரி என்ற அமைப்பும், தர விரும்புவோரின் பெயரைப் பதிகின்றன. பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். ஒத்த ஆள் பிறகு தேவைப்பட்டால் அழைப்பார்கள். சில நாள் ஊசி போடுவார்கள். பிறகு ரத்த தானம் போலவே கையில் இருந்து எடுக்கிறார்கள். சில மணி நேரம் ஆகும். எடுத்தது சில வாரத்தில் உடம்பில் ஊறிவிடும். நம்மவர் அட்டைக்கு ஒத்தது பெரும்பாலும் நம்மவரிடையேதான் கிடைக்கும். இந்தியாவில் பதிந்தவர்களோ ஜனத்தொகையைப் பார்த்தால் மிகக் குறைவு.

ஓசூர் சாலையிலேயே இன்னும் தெற்கே போனால் பொம்மசந்திரா வரும். அங்கே இம்யூனீல் என்ற நிறுவனம் நோயாளியின் டி அணுக்களையே எடுத்துப் புதுச் சாவி பொருத்துகிறது. பி அணுக்களின் மேல் இருக்கும் ஓர் அடையாளத்துக்குப் பொருந்தும் சாவி அது. ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பெருக்கி, ரத்தம் ஏற்றுவது போல மறுபடியும் ஏற்றுகிறார்கள். அவை புற்றாகிப்போன பி அணுக்களைத் தேடிக் கொல்கின்றன. நல்ல பி அணுக்களையும் சேர்த்துத்தான் கொல்கின்றன. ஆகவே பிறகு கொஞ்ச காலம் தொற்று வராமல் காக்க வேண்டும். மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான இதே வகைச் சிகிச்சைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. பெங்களூர்ச் சிகிச்சை 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. வெளிநாட்டு விலையைவிடக் குறைவுதான். ஆனாலும் பல லட்சம் ரூபாய் ஆகிறது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்கே இப்போதைக்கு இதைத் தருகிறார்கள்.